படுத்துப் பாருங்கள், தோழர்களே!

மாணவத் தோழர்களே! ஊரில் யாராவது பழைய ஜீப் வாங்கப் போனால், "தம்பி ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்குது, பார்த்துச் சொல்லட்டும்" என்று நம்மைக் கூப்பிடுகிறார்கள். எங்க வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அதனால் என் பேச்சை அப்படியே நம்பிவிடுகிறார்கள். வாங்குகிறவரோ கடன் பணத்தோடு நிற்கிறார். மலைத் தோட்டத்தில் மழைச் சேற்றில் வண்டி ஏற வேண்டும் அவருக்கு.

பின்னால் ஒட்டியிருக்கும் '4×4' எழுத்தைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். அது ஸ்டிக்கர் கடையிலேயே கிடைக்கும்! 2020-இல் வந்த புது மஹிந்திரா தாரில் நாலு சக்கரமும் இழுக்கும். 2023-இல் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் வந்தது. தூரத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்தான். உள்ளே இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் போதாது. பழைய ஜீப்பில் லீவரை விட்டுவிட்டு முன் ஷாஃப்டைக் கழற்றியிருப்பார்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் படத்தைப் பரீட்சையில் அழகாக வரைகிற நாம், வண்டிக்கு அடியில் படுக்க ஏன் கூச்சப்படுகிறோம்? முன் அச்சில் டிஃபரென்ஷியல் இருக்கணும், அதற்கு ஷாஃப்ட் வரணும். நம்ம ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டர் முன் சக்கர வண்டி; அதில் இவற்றைப் பின்னால் தேடுங்கள்.

பழைய ஜீப்புக்கு இன்னொன்று. இன்ஜினை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். லீவரை ஃபோர் வீலில் போட்டுக் கையால் சுற்றினால் லேசாக ஆடி நிற்கணும். தாராளமாகச் சுற்றுதா? விலை பேச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.