குக்கருக்கு எத்தனை நட்சத்திரம்?

இணையக் கடையில் ஏசி விற்கும் பக்கத்தைத் திறந்தால் இரண்டு விதமான நட்சத்திரங்கள் கண்ணில் படும். ஒன்று, எரிசக்தித் திறன் பணியகத்தின் லேபிளில் இருப்பது. மற்றொன்று, பொருளின் பெயருக்குக் கீழே 4.2, 4.4 என்று ஓர் எண்ணோடு மஞ்சளாகத் தெரிவது. முதலாவது, ஆய்வகத்தில் அளந்து போடப்பட்டது. எந்தக் காலத்துக்குச் செல்லும் என்பதும் அந்த லேபிளிலேயே அச்சாகியிருக்கும். அளவுகோல் இறுகும்போது ஐந்து நட்சத்திர ஏசி நான்காக இறங்கும். 2022 ஜூலையில் அப்படித்தான் இறங்கியது. இரண்டாவது, வாங்கியவர்களில் எழுதத் தோன்றியவர்கள் மட்டும் போட்ட மதிப்பெண்ணை, கடை தன் கணக்குப்படி திரட்டிச் சொல்வது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். வாங்குபவர்களில் பெரும்பாலானோர் கை வைப்பது இரண்டாவதன் மேல். விமர்சனங்களைப் படிப்பதில் தவறில்லை. ஆனால் அவற்றின் சராசரியை ஆய்வகச் சோதனைக்கு மேலாக வைப்பது தவறு. சோதனையை எளிதில் எட்டாத இடத்தில் வைத்திருக்கும் அரசுக்கும் அந்தத் தவறில் பங்கு உண்டு.

மக்கள் விமர்சனத்தின் பக்கம் சாய்ந்ததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ‘நிபுணர்’ என்ற பெயரில் அவர்கள் பார்த்தவர்களில் பலர் விற்பனையாளர்கள். பெரிய ஷோரூமில் டிவி வரிசையருகே நின்று விளக்கம் சொல்லும் இளைஞர் அநேகமாகக் கடையின் ஊழியரே அல்லர். ஏதோ ஒரு கம்பெனி தன் சரக்கைத் தள்ளிவிட அங்கே நிறுத்திய ஆள். யூடியூபில் போனைப் பிரித்துக் காட்டுபவருக்கு அந்தப் போன் பெரும்பாலும் இலவசமாக வந்தது; வீடியோவுக்குக் கீழே உள்ள இணைப்பு வழியாக விற்பனை நடந்தால் கமிஷனும் உண்டு. வெள்ளைக் கோட்டும் இதற்கு விலக்கல்ல. சென்சோடைன் பற்பசையை உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள் என்று வந்த விளம்பரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நிறுத்தச் சொன்னது. பத்து லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. அந்த வாசகத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது இந்தியப் பல் மருத்துவர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பு.

ஆகவே நிபுணர் என்றால் யார் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். பொருளைக் கடையில் தன் காசு கொடுத்து, யாரென்று சொல்லாமல் வாங்க வேண்டும். எல்லாக் கம்பெனிப் பொருளையும் ஒரே முறையில் சோதிக்க வேண்டும். சோதிக்கப்படும் பொருளின் விளம்பரத்தில் வயிறு வளர்க்கக் கூடாது. அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், பிரிட்டனில் 1957இல் தொடங்கிய விச், ஜெர்மனியில் 1964இல் அரசே நிறுவிய ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் ஆகியவை இந்த வகை. இந்தியாவில் அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையமும் டெல்லியின் கன்ஸ்யூமர் வாய்ஸும் ஒப்பீட்டுச் சோதனை செய்து வெளியிட்டிருக்கின்றன. மளிகைச் சாமான் பட்டியலோடு கடைக்குப் போகும் தமிழ்நாட்டுக் குடும்பத்தில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும் என்பது வேறு விஷயம்.

இந்த வகை நிபுணரும் பயனர் நட்சத்திரமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பார்த்தது. 120 வகைகளைச் சேர்ந்த 1,272 பொருட்களுக்கு அமேசானில் கிடைத்த சராசரியையும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் கொடுத்த மதிப்பெண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்ததில், இரண்டுக்கும் இடையே இருந்த தொடர்பு மெலிந்ததாகவே இருந்தது. பயனர் மதிப்பெண்ணோடு விலையும் பிராண்டின் பெயரும் கைகோத்து நடந்தன. அதாவது, சோதனையில் சமமாக நின்ற இரண்டு பொருட்களில் விலை கூடியதும் பெரிய பெயர் கொண்டதும் அதிக நட்சத்திரம் பெற்றன. பொருளைப் பற்றிய சாட்சியம் என்று நினைத்து வாசகர் படிப்பதில், விளம்பரம் ஏற்கெனவே வாங்குபவர் மனத்தில் போட்டுவைத்த எண்ணமும் கலந்திருக்கிறது. ஆய்வக மதிப்பெண்ணே முழு உண்மை ஆகிவிடாது என்று இதற்குப் பதில் சொல்லலாம். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று ஆய்வகம் போடும் கணக்கு ஒவ்வொரு வீட்டின் தேவைக்கும் பொருந்தாது. அந்தப் பதிலில் நியாயம் உண்டு. ஆனால் சமையலறையில் இருக்கும் ஒரு பாத்திரத்தைப் பொறுத்தவரை அந்த நியாயம் செல்லாது.

பிரஷர் குக்கர் வாங்கியவர்கள் எதையெல்லாம் எழுதுகிறார்கள் என்று பார்த்தால், பயனுள்ள செய்திகளே மிகுதி. கைப்பிடி ஆடுகிறது, காஸ்கெட் சீக்கிரம் தளர்ந்துவிட்டது, பருப்பு வைத்தால் வெயிட் வழியே பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது, இண்டக்‌ஷனில் அடி சூடாக நேரமாகிறது. இவை பத்து நாள் சமைத்தால் தெரிந்துவிடும். தெரியாமலே இருப்பவை வேறு. தண்ணீர் வற்றி அழுத்தம் ஏறும்போது சேஃப்டி வால்வின் உலோகம் உரிய நேரத்தில் உருகுமா? வெயிட்டில் பருக்கை அடைத்துக்கொண்டால் மூடியின் விளிம்பு வழியே ஆவி வெளியேறுமா? உடம்பு எவ்வளவு அழுத்தம் தாங்கும்? நன்றாக விசில் அடிக்கும் குக்கரும் இந்தக் கேள்விகளில் தோற்கலாம். தோற்றது தெரியவரும் நாளில் சமையலறையில் நிற்பவருக்கு விமர்சனம் எழுதும் நிலை இருக்காது.

இதற்காகத்தான் ஐ.எஸ். 2347 என்ற தரநிலை இருக்கிறது. 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டு உபயோகக் குக்கர் எதுவானாலும் அந்தத் தரநிலைக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும். அதன் பிறகும் அமேசானில் தரக்கட்டுப்பாட்டு ஆணையை மீறிய 2,265 குக்கர்களும் ஃபிளிப்கார்ட்டில் 598 குக்கர்களும் விற்றிருந்ததை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கண்டது. 2022 ஆகஸ்டில் இரண்டு நிறுவனங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் ஆணையிட்டது. நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அந்தக் குக்கர்களை விற்றுக் கொடுத்ததில் அமேசானுக்குக் கிடைத்த கட்டணம் 6,14,825 ரூபாய் என்று ஆணையத்தின் உத்தரவு சொல்கிறது. அபராதம் அதில் ஆறில் ஒரு பங்கு என்பதையும் கவனிக்க வேண்டும். முத்திரை இல்லாத குக்கரும் விமர்சனம் பெறும், நட்சத்திரம் பெறும். எத்தனை ஆயிரம் பேர் போட்டாலும் நட்சத்திரத்தால் வால்வைச் சோதிக்க முடியாது.

எழுதுபவர்கள் எல்லோரும் நேர்மையானவர்கள் என்று வைத்துக்கொண்டு சொன்னது இவ்வளவும். நேர்மை இல்லாத இடத்தில் கதை இன்னும் மோசம். பொருளின் பெட்டிக்குள் வண்ணச் சீட்டு ஒன்று இருக்கும்: ஐந்து நட்சத்திரம் போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நூறு ரூபாய். இது சில்லறை வியாபாரம். மொத்த வியாபாரம் ஃபேஸ்புக் குழுக்களில் நடந்தது. விற்பவர் பொருளின் படத்தைப் போடுவார். உறுப்பினர் தன் காசில் வாங்கி ஐந்து நட்சத்திரம் போட்டதும் முழுப் பணமும் திரும்பி வரும். உண்மையாகவே வாங்கியவர் என்பதால் ‘சரிபார்க்கப்பட்ட கொள்முதல்’ என்ற அடையாளமும் ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களை நடத்தியவர்கள்மீது அமேசான் 2022 ஜூலையில் வழக்குப் போட்டது. இந்தச் சந்தையை ஆராய்ந்த அமெரிக்கப் பொருளியலாளர்கள், விமர்சனம் வாங்கும்போது மதிப்பெண்ணும் விற்பனையும் ஏறுவதையும், வாங்குவதை நிறுத்தியதும் ஒற்றை நட்சத்திரங்கள் பெருகுவதையும் கண்டார்கள். ஏமாந்து வாங்கியவர்களின் கோபம் அது.

போலியின் எல்லை எதுவரை என்பதைக் காட்ட லண்டனில் ஒருவர் ஒரு வேடிக்கை செய்தார். ஊபா பட்லர் என்ற எழுத்தாளர், முன்பு காசுக்காக உணவகங்களுக்குப் போலி விமர்சனம் எழுதியவர். 2017இல் தான் வசித்த தோட்டக் கொட்டகையை ‘தி ஷெட் அட் டல்விச்’ என்ற பெயரில் டிரிப்அட்வைசரில் உணவகமாகப் பதிந்தார். அங்கே போட்ட படங்களில் தட்டில் இருந்த ‘உணவு’ ஷேவிங் நுரை. நண்பர்கள் எழுதிய விமர்சனங்களால், ஒரு வேளைச் சோறு கூடப் போடாத அந்தக் கொட்டகை அதே ஆண்டு நவம்பரில் லண்டனின் முதல் உணவகமாக ஏறியது. பிறகு ஒரே ஒரு நாள் திறந்து, சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய மலிவு உணவைச் சூடுபண்ணிப் பரிமாறினார். சாப்பிட்டவர்களில் சிலர் மறுபடி வர இடம் கேட்டார்கள் என்பதுதான் இந்தக் கதையில் யோசிக்க வைக்கும் பகுதி. மதிப்பெண் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டால் நாக்கும் அதன் பின்னால் போகிறது.

அந்தப் போக்குக்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ஒரு செய்தித் தளத்தின் கருத்துகளுக்கு ஆய்வாளர்கள் தாங்களே முதல் ஆதரவு வாக்கைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கருத்துகளின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. 2013இல் சயன்ஸ் இதழில் வெளியான முடிவு இது. மேலும், விமர்சனம் எழுதுபவர்கள் பெரும்பாலும் மகிழ்ந்தவர்களும் கொதித்தவர்களும்தான். பரவாயில்லை என்று நினைப்பவர் எழுதுவதில்லை. பொருள் வந்த அன்றே எழுதப்படுபவை ஏராளம். ‘இன்றுதான் வந்தது, பேக்கிங் அருமை’ என்று ஐந்து நட்சத்திரம். ‘டெலிவரி நான்கு நாள் தாமதம்’ என்று ஒரு நட்சத்திரம். இரண்டிலும் ஃபிரிட்ஜைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான்காம் ஆண்டு கம்ப்ரஸர் போகும்போது அந்த மாடலே விற்பனையில் இருக்காது. எழுத இடமும் இருக்காது.

இத்தனைக்குப் பிறகும் விமர்சனங்களை ஒதுக்கிவிட முடியாது. ஆய்வகம் கேட்காத கேள்விகளுக்கு அவற்றில் பதில் கிடைக்கிறது. கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் ஏசியின் வெளி யூனிட் எத்தனை ஆண்டில் அரிக்கிறது, போர்வெல் தண்ணீரில் கீசரின் காயில் எவ்வளவு விரைவில் உப்புப் படிகிறது, சின்ன ஊருக்கு மெக்கானிக் வருகிறாரா, மாவு அரைத்தால் மிக்ஸி சூடாகி நின்றுவிடுகிறதா. இவற்றை அங்கே வாழ்பவர்தான் சொல்ல முடியும். சராசரியை விட்டுவிட்டு, இரண்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதைப் படிப்பது நல்ல வழி. அந்த மதிப்பெண்ணைக் காசு கொடுத்து வாங்க யாருக்கும் தேவை இல்லை. போட்டிக் கம்பெனி எழுதவைத்தாலும் ஒரேயடியாக ஒரு நட்சத்திரம்தான் போடும். ஒரே குறையைப் பல ஊர்க்காரர்கள் பல மாதங்களில் தனித்தனியே சொல்லியிருந்தால் அதற்கு எடை உண்டு.

சட்டம் எங்கே நிற்கிறது? விற்பவர் தன்னை நுகர்வோர்போலக் காட்டிக்கொண்டு விமர்சனம் எழுதுவதை 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடை செய்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. எழுதுபவர் யார் என்று சரிபார்ப்பது, விலைக்கு வாங்கிய விமர்சனத்தை வெளியிடாதிருப்பது, எந்த விமர்சனத்தை எதற்காக நீக்கினார்கள் என்பதில் ஒளிவு மறைவு இல்லாதிருப்பது முதலியவை அதில் உண்டு. ஆனால் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். 2024 மே மாதம் அதைக் கட்டாயமாக்கும் யோசனையோடு நுகர்வோர் விவகாரத் துறை நிறுவனங்களை அழைத்துப் பேசியது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி 2024 அக்டோபர் 21 முதல் போலி விமர்சனத்தை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்து, மீறல் ஒவ்வொன்றுக்கும் ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் போகக்கூடிய அபராதம் வைத்திருக்கிறது. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் நிறுவனத்தின் உலக விற்பனையில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம். ஒரு லட்ச ரூபாய் அபராதத்தை இவற்றின் பக்கத்தில் வைத்தால் யாரும் அஞ்சமாட்டார்கள் என்பது தெரியும். ஐ.எஸ். 19000 கட்டாயச் சட்டமாக வேண்டும்; அபராதம் விற்பனைக்கு ஏற்ப ஏற வேண்டும்.

போலியை ஒழிப்பது பாதி வேலை. ஒப்பீட்டுச் சோதனைக்கு ஆண்டுதோறும் நிலையான நிதி ஒதுக்கி, முடிவுகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இலவசமாக வெளியிட வேண்டும். கட்டாய முத்திரை தேவைப்படும் பொருட்களின் பக்கத்தில், மஞ்சள் நட்சத்திரத்துக்கு மேலே, உரிம எண் தெரிய வேண்டும். அந்த எண்ணைத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் உண்மையா, நடப்பில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கலாம். பலருக்கு அப்படி ஒரு செயலி இருப்பதே தெரியாது. ஒரு பொருள் சோதனையில் தோற்றால் அதை வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் செய்தி போக வேண்டும் என்பதையும் விதியாக்கலாம். அதற்குப் புதிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பொருள் வந்து சேர்ந்ததும், ‘பிடித்திருக்கிறதா, நட்சத்திரம் போடுங்கள்’ என்று கடைகள் விடாமல் அனுப்புகின்றனவே, அதே எண்ணுக்கு அதே வழியில் அனுப்பினால் போதும்.