மூட்டை கட்டியாச்சு, கணக்கு எடுத்தாச்சா?

பி.காம் படிக்கிறவனுக்கு சர்வர் ரூமில் என்ன வேலை என்று எங்கள் வகுப்பிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விடுதி மெஸ் கணக்குக்கு ஒரு ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க "கணக்கு தெரிஞ்ச ஆள் ஒருத்தன் வேணும்டா" என்று என்னை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். போன இடத்தில் பற்று வரவோடு கொஞ்சம் பாஷ் ஸ்கிரிப்டும் ஒட்டிக்கொண்டது. அந்த அரைகுறை அறிவை வைத்துக்கொண்டு போன வருடம் ஒரு காரியம் செய்தேன். அதில் பட்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ப்ரோகிராம்கள் எல்லாம் லேபில் ஒரு பழைய மெஷினில் ஓடிய கிட் சர்வரில் இருந்தன. கிட் தெரியாதவர்களுக்கு: ஒரு ப்ரோகிராமில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று ஒன்று விடாமல் எழுதி வைக்கும் ஏடு அது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதியது. ஒரு ப்ரோகிராமுக்கு ஒரு ஏடு, அதற்குப் பெயர் ரெப்போ. எங்களிடம் இருந்தது 41 ரெப்போ.

மெஷினுக்கு வயதாகிவிட்டது, மூன்று வாரத்தில் எடுத்துவிடுவோம் என்றார்கள். எல்லாவற்றையும் வெளியே ஒரு தளத்துக்கு மாற்ற வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் செமஸ்டர் நேரம், ஏகப்பட்ட ஆணி. எனக்கு மட்டும் ஆணி கம்மி என்று முடிவு செய்தார்கள். (பி.காம்காரனுக்கு எப்பவுமே ஆணி கம்மி என்பது பொட்டி தட்டுகிறவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.)

ஸ்கிரிப்ட் முப்பது வரிதான். பழைய சர்வரிடம் ஏபிஐ வழியாக ரெப்போ பட்டியலைக் கேள். ஒவ்வொன்றையும் 'கிட் குளோன் --மிர்ரர்' என்று முழுசாக இறக்கு. புது இடத்தில் அதே பெயரில் காலி ரெப்போ திற. 'கிட் புஷ் --மிர்ரர்' என்று ஏற்று. அடுத்தது. ராத்திரி பத்தரைக்கு ஓடவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், "எல்லாம் முடிந்தது" என்று திரையில் நிற்கிறது. அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை :-)

சும்மா இல்லை, சரிபார்க்கவும் செய்தேன். பட்டியலில் 30, புது இடத்தில் 30. டாலி ஆகிவிட்டது. போய்ப் படுத்துவிட்டேன்.

ரெண்டு நாள் கழித்து முதல் வருடப் பையன் ஒருவன் வந்து "அண்ணா, என் ரெப்போவைக் காணோம்ணா" என்றான். இந்த ஏபிஐக்கள் பட்டியலை மொத்தமாகக் கொடுக்காது, பக்கம் பக்கமாகத்தான் கொடுக்கும். எங்கள் சர்வரில் ஒரு பக்கத்துக்கு 30. இரண்டாவது பக்கத்தை நான் கேட்கவே இல்லை. மீதி 11 ரெப்போ பழைய மெஷினிலேயே உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, மெஷின் அப்போது உயிரோடு இருந்தது.

பிளஸ் ஒன் கணக்குப் பதிவியல் புத்தகத்தில் 'முழு விடுபிழை' என்று ஒன்று வரும். ஒரு நடவடிக்கையைக் குறிப்பேட்டில் எழுதவே இல்லை என்றால் பற்றிலும் இருக்காது, வரவிலும் இருக்காது. ஆகவே இருப்பாய்வு அழகாகச் சமமாகும், பிழை வெளியே தெரியாது. ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தது. எந்தப் பட்டியலை வைத்து மாற்றினேனோ அதே பட்டியலை வைத்துச் சரிபார்த்தால் அது விடுபிழையை எப்படிக் காட்டும்? எண்ணிக்கை வேறு இடத்திலிருந்து வர வேண்டும். சர்வரின் டிஸ்கில் எத்தனை ஃபோல்டர் இருக்கிறது என்று எண்ணியிருந்தால் ஒரே நிமிடத்தில் மாட்டியிருக்கும்.

இதனால் என் முதல் கட்சி: இடமாற்றத்தில் ஏற்றி இறக்கும் ஸ்கிரிப்ட் சின்ன வேலை. சரிபார்க்கும் ஸ்கிரிப்ட்தான் பெரிய வேலை. அதை முதலில் எழுத வேண்டும், முடிந்தால் வேறு ஆள் எழுத வேண்டும். எழுதினவனே ஆடிட் செய்யக் கூடாது என்பது எங்கள் துறையில் பாலபாடம்.

அப்படிச் சரிபார்க்க கிட் கொடுக்கும் வசதி மாதிரி எந்த ஆடிட்டருக்கும் கிடைக்காது. ஒவ்வொரு கமிட்டுக்கும் பொதுவாக 40 எழுத்தில் ஒரு ஹாஷ் உண்டு. அந்தக் கமிட்டின் ஃபைல்கள், அதற்கு முந்தைய கமிட்டின் ஹாஷ் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அது கணக்கிடப்படுகிறது. அதனால் ஒரு பிராஞ்சின் கடைசி ஹாஷ் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் அதன் முழு வரலாறும் ஒன்றுதான். 'கிட் எல்எஸ்-ரிமோட்' என்ற கட்டளை பிராஞ்ச், டேக் எல்லாவற்றின் ஹாஷையும் பட்டியலாகக் கொடுத்துவிடும். இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிட வேண்டியதுதான். இறுதி இருப்பும் தொடக்க இருப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற அதே வேலை.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. பெரிய ஃபைல்களை 'கிட் எல்எஃப்எஸ்' முறையில் வைத்திருந்தால் ரெப்போவுக்குள் இருப்பது மூன்று வரித் துண்டுச்சீட்டு மட்டும். சரக்கு வேறு குடோனில் இருக்கும். சீட்டு போய்ச் சேர்ந்துவிட்டால் ஹாஷ் எல்லாம் ஒத்துப்போகும், திறந்து பார்த்தால் சரக்கு இருக்காது. அதற்குத் தனியாக 'எல்எஃப்எஸ் ஃபெட்ச்', 'எல்எஃப்எஸ் புஷ்' என்று இரண்டையும் 'ஆல்' போட்டு ஓட்ட வேண்டும். இன்னொன்று, மிர்ரர் புஷ் மகா முரட்டுப் பேர்வழி. பழைய இடத்தில் என்ன இருக்கிறதோ அப்படியே புது இடத்தை ஆக்கிவிடும். யாராவது புது இடத்தில் வேலையை ஆரம்பித்த பிறகு இரண்டாம் தடவை ஓட்டினால் அவர்கள் போட்ட பிராஞ்ச் காலி. கடையை மூடிவிட்டுத்தான் சரக்கு எண்ண வேண்டும். பழையதில் யாரும் எழுத முடியாமல் பூட்டிவிட்டு அப்புறம் ஸ்கிரிப்டைத் தொடுங்கள்.

இதுவரை சொன்னது திருத்திக்கொள்ள முடிந்த தப்பு. திருத்த முடியாத தப்பு வேறு.

எங்கள் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுத்து ஒரு நாள் கட்டணம் வரும். ப்ரோகிராமில் அதை எப்போதும் அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றும் ஒரு வரி இருந்தது. பக்கத்தில் "பார்க்க #17" என்று மட்டும் ஒரு குறிப்பு. 17 என்பது பழைய சர்வரில் ஒரு இஷ்யூவின் எண். அதாவது அந்த ப்ரோகிராமைப் பற்றி எல்லோரும் பேசி முடிவெடுத்த பக்கம்.

கிட் குளோன் இந்தப் பக்கங்களைக் கொண்டு வராது. இஷ்யூக்கள், புல் ரெக்வெஸ்டில் நடந்த விவாதங்கள் எல்லாம் கிட்டுக்குள் இல்லை, ஹோஸ்டிங் சர்வரின் டேட்டாபேஸில் இருக்கின்றன. அதற்கு ஏபிஐயில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்கவில்லை. "பழைய பேச்சுதானே, கோடு வந்தாச்சுல்ல" என்று நினைத்தேன். சொன்ன தேதியில் மெஷினை எடுத்து டிஸ்கை ஃபார்மட் செய்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, மூன்று வாரம் முன்பே சொன்னவர்கள்.

ஜூலையில் ஒரு ஜூனியர் அந்த வரியைப் பார்த்தான். புது இடத்தில் 17 என்று தேடினால் சம்பந்தமே இல்லாத ஏதோ வருகிறது. மாணவர்களிடம் கூடுதலாகக் காசு பிடிக்கிற பிழை என்று நினைத்து நல்ல எண்ணத்தோடு திருத்திவிட்டான். நானும் சரி என்றேன். கணக்கு தெரிந்த ஆள்!

தீபாவளிக்கு முந்தைய வாரம் சமையல் அண்ணன்கள் வந்து போனஸ் எப்போது என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கட்டணம் 92.40 என்று வந்தால் 93 பிடிப்போம். 60 பைசாதான். 210 பேர், ஆளுக்கு 28 நாள் என்றால் 5880 சாப்பாட்டு நாள், அதாவது 3528 ரூபாய். இப்படி மாதாமாதம் சேர்வதுதான் சமையல்காரர்களின் தீபாவளிப் பணம். விடுதிக் கமிட்டியும் மாணவர்களும் பேசி எடுத்த முடிவு. அது எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அந்த #17. எழுதிய சீனியர் படிப்பு முடித்துப் போய்விட்டார்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஒரு வரி விளக்கம் எழுதச் சொல்வார்கள். எழுதாவிட்டால் அரை மார்க் போகும். தொகைதான் எழுதியாச்சே, இது எதற்கு என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். கோடு என்பது தொகை. இஷ்யூ அந்த விளக்க வரி.

பெரிய இடங்களிலும் இந்தப் பாடு உண்டு. கூகுள் கோட் 2015 மார்ச்சில் மூடுவதாக அறிவித்து 2016 ஜனவரியில் மூடியது. கிட்ஹப்புக்கு மாற்ற ஒரு கருவி கொடுத்தார்கள், பழையதை ஆவணமாகவும் வைத்தார்கள். பிட்பக்கெட் 2020இல் மெர்குரியல் ரெப்போக்களை நிறுத்தியபோது, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொது ரெப்போக்களை சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் அமைப்பும் ஆக்டோபஸ் நிறுவனமும் சேர்ந்து நகலெடுத்துக் காப்பாற்றின. யாரோ மெனக்கெட்டதால் பிழைத்தவை அவை.

எனக்குப் பிடித்த உதாரணம் பைத்தான் மொழிதான். அவர்கள் 2017 பிப்ரவரியில் மெர்குரியலிலிருந்து கிட்டுக்கு, கிட்ஹப்புக்கு வந்தார்கள். பிழைப் பட்டியலை மட்டும் உடனே தூக்கவில்லை. அது வந்தது 2022 ஏப்ரலில்! நடுவில் ஐந்து வருடம். கிட்ஹப்பில் இஷ்யூவுக்கும் புல் ரெக்வெஸ்டுக்கும் ஒரே வரிசை எண் என்பதால் பழைய எண்கள் அப்படியே கிடைக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு பழைய பக்கத்திலும் புது எண்ணுக்கு இணைப்பு, ஒவ்வொரு புது பக்கத்திலும் பழைய எண். பழைய தளத்தை எழுத முடியாமல் பூட்டி, படிக்க மட்டும் திறந்து வைத்தார்கள். பேரேட்டில் பக்க எண் போடுகிற மாதிரி.

"கிட் என்பது எல்லோரிடமும் நகல் இருக்கிற அமைப்பு, எதுவும் தொலையாது" என்று பொட்டி தட்டுகிற நண்பர்கள் வாதாடுவார்கள். கோடு தொலையாது, உண்மை. ஏன் அப்படி எழுதினோம் என்பது ஒரே ஒரு சர்வரில்தான் இருக்கிறது. அதற்காக எல்லாம் அச்சு அசலாகப் புது இடத்தில் முளைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஏபிஐ வழியாக ஏற்றினால் பெரும்பாலும் எல்லாக் கருத்தும் ஸ்கிரிப்ட் ஓட்டியவன் பெயரிலேயே விழும். பரவாயில்லை, முதல் வரியில் யார் எழுதியது, எந்தத் தேதி என்று சேர்த்துவிடலாம். அதற்கும் நேரமில்லையா? எல்லா இஷ்யூவையும் ஜேசன் ஃபைலாக இறக்கி ரெப்போவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் போட்டுவிடலாம். இருபது வரி ஸ்கிரிப்ட். இப்போது ஒவ்வொரு ஞாயிறு ராத்திரியும் எங்களுக்கு அது தானாக ஓடுகிறது. சர்வர் நன்றாக இருக்கும்போதே ஓடுகிறது. (இரண்டாவது பக்கத்தையும் கேட்கிறது.)

போனஸ் விஷயத்தில் கமிட்டி ஆளுக்கு ஐம்பது ரூபாய் வசூல் செய்து சமாளித்தது. நாலு பேர் கொடுக்கவில்லை, அதை நானும் அந்த ஜூனியரும் போட்டோம். தொலைந்த இஷ்யூக்களில் 23, சீனியர்களின் பழைய மெயில்பாக்ஸில் அறிவிப்பு மெயிலாகக் கிடைத்தன. #17 அதில் இருந்தது. அதை அப்படியே அந்த வரிக்கு மேலே கமென்டாக ஒட்டியாகிவிட்டது. மீதி இஷ்யூக்களில் என்ன இருந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. கோடில் அப்படி "பார்க்க" என்று நிற்கும் இடம் இன்னும் ஆறு இருக்கிறது. அந்த வரிகளை யாரும் தொடுவதில்லை.