முதலாளி மஞ்சக் கடுதாசி கொடுத்தால் சம்பளப் பாக்கி அவ்வளவுதானா?

பெரம்பலூர் மாவட்டம், வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. ஒரு வீட்டில் அப்பா வளைகுடாவில், மகன் சென்னையில் ஐ.டி. கம்பெனியில், பக்கத்து வீட்டுப் பையன் கடைவீதியில் வேலை என்பது இங்கே சாதாரணம். மூன்று பேருக்கும் ஒரே பயம்தான். "முதலாளி மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டா, நிக்கிற சம்பளம் என்ன ஆகும்?"

பதில் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிக்கலே அங்கேதான்.

கம்பெனி திவாலானால்?

கம்பெனிகளுக்கு 2016-ம் ஆண்டு திவால் சட்டம் பொருந்தும். கம்பெனியைக் கலைத்து, சொத்தை விற்று வரும் பணம் வரிசைப்படி போகும். முதலில் வழக்கு நடத்திய செலவு. அடுத்து, தொழிலாளர்களின் கடைசி 24 மாத பாக்கி. ஆனால், அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கிகளும் அதே படியில் நிற்கும். தொழிலாளர் என்ற சட்ட வரையறைக்குள் வராத மேனேஜர் போன்ற ஊழியர்களுக்கு அதற்கும் கீழ்ப்படி, அதுவும் 12 மாத பாக்கிக்கு மட்டும். "நான் லேபர் இல்லை, எக்ஸிக்யூட்டிவ்" என்று பெருமைப்படுபவர்கள் கவனிக்க!

பி.எஃப்., கிராஜுவிட்டி கதை வேறு. அந்தப் பணத்தைக் கலைப்புச் சொத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது சட்டம். 2019 ஏப்ரல் 17-ல் பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸ் வழக்கில் இதுதான் கைகொடுத்தது. ஊழியர்களின் பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கியை முழுதாகக் கொடுக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. ஆனால், கம்பெனியை வாங்க வந்தவர்கள் சொன்னபடி பணம் போடவில்லை. 2024 நவம்பர் 7-ல் ஜெட்டைக் கலைத்துவிடச் சொன்னது உச்ச நீதிமன்றம். விமானம் நின்று ஐந்தரை வருடம் கழித்து, ஊழியர்கள் மறுபடியும் வரிசையில்!

கெடு தவறினால்?

திவால் அறிவிப்பு வந்ததும் ஒவ்வொரு ஊழியரும் தனக்கு வரவேண்டிய பாக்கியைப் படிவத்தில் எழுதி, கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். சங்கம் மூலமாகவும் சேர்ந்து கொடுக்கலாம். கம்பெனியை இன்னொருவர் வாங்கும் திட்டத்துக்குத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்துவிட்டால், அந்தத் திட்டத்தில் இடம்பெறாத பாக்கி அழிந்துபோகும். இது 2021 ஏப்ரல் 13-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கெடுவைக் கோட்டைவிட்டால் உழைத்த பணம் காலி என்பதுதான் இதன் நடைமுறை அர்த்தம்.

கடை முதலாளி என்றால்?

இங்கேதான் தலைசுற்றும். தனிநபர் திவாலுக்கு 2016 சட்டத்தின் பிரிவுகள், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்கள் விஷயத்தில் மட்டுமே அமலுக்கு வந்துள்ளன. ஊர்ப் பக்கத்தில் மற்றவர்களுக்கு இன்னும் 1920-ம் ஆண்டுச் சட்டம்தான். அதில் கடை ஊழியரின் கடைசி நான்கு மாத சம்பளத்துக்கு முன்னுரிமை உண்டு. எவ்வளவு தெரியுமா? மொத்தமே 20 ரூபாய்! இன்று அந்தக் காசுக்கு இரண்டு டீ வாங்குவதே கஷ்டம். மீதிக்கு மற்ற கடன்காரர்களோடு பங்கு கேட்க வேண்டியதுதான். நீதிமன்றம் முதலாளியைக் கடனிலிருந்து விடுவித்துவிட்டால், சம்பளப் பாக்கியும் அதோடு போகும். அரசுக்குத் தரவேண்டியது தப்பிக்கும், கூலி தப்பிக்காது.

வளைகுடாவில்?

2015, 2016-ல் சவுதி கட்டுமான நிறுவனங்கள் சரிந்தபோது இந்தியர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சம்பளமில்லாமல் தவித்தார்கள். ஆனால், அதன் பிறகு அந்த நாடுகள் ஒரு பாடம் கற்றுக்கொண்டன. கத்தார் 2018-ல் தொழிலாளர் ஆதரவு நிதி ஒன்றைச் சட்டம் போட்டு உருவாக்கியது. சவுதி 2024 அக்டோபரில் வெளிநாட்டுத் தொழிலாளர் சம்பளத்துக்கு இன்ஷூரன்ஸ் கொண்டுவந்தது. அதில் அதிகபட்சம் 17,500 ரியால் வரை கிடைக்கும். நிபந்தனைகள் நிறைய இருந்தாலும், முதலாளியின் கஜானா காலியானாலும் பணம் வர ஒரு வழி இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

இந்தியாவில் அப்படி ஒரு நிதி இல்லை. குறைந்தது மூன்று மாத சம்பளத்துக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 173-வது உடன்படிக்கை 1992-லேயே சொன்னது. இந்தியா அதை ஏற்கவில்லை. வங்கி கடன் கொடுக்கும்போதே அடமானம் வாங்கிக்கொள்கிறது. மாதம் முழுக்க உழைத்துவிட்டுக் கடைசியில் கைநீட்டும் ஊழியரிடம் என்ன அடமானம் இருக்கிறது? இருவரையும் ஒரே படியில் நிறுத்துவதைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது. மூன்று மாத சம்பளம் வங்கிக்கு முன்னால் வர வேண்டும். முதலாளிகளின் சந்தாவில் சம்பள உத்தரவாத நிதி வேண்டும். அந்த 20 ரூபாய் இன்றே போக வேண்டும்.

அதுவரை ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் கம்பெனி மெயிலில் விட்டுவைக்காமல் உங்கள் சொந்த மெயிலில் சேமித்து வையுங்கள். கம்பெனி மூடும் அன்று முதலில் முடங்குவது அந்த லாகின்தான்.