காரைக்கால் மலிவு எதனால்?

சென்னை வாடகையைக் கட்டி மாளாதவர்களும் பணி ஓய்வுக்குப் பின் ஒதுங்க இடம் தேடுகிறவர்களும் சின்னக் கடற்கரை ஊர்களின் பக்கம் கண் வைக்கும்போது காரைக்காலின் பெயரும் பேச்சில் வந்துவிடுகிறது. அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு கடற்கரை, எட்டும் தூரத்தில் திருநள்ளாறும் நாகூரும், நெருக்கடி இல்லாத தெருக்கள், கைக்கு அடங்கும் வாடகை, பெட்ரோலில் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். (மது விலையையும் சேர்த்துச் சொல்வார்கள், அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் குடியேற வருகிறவர்கள் இல்லை.) இந்தப் பட்டியலில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் ஓர் ஊரில் குறைந்த செலவில் வாழ முடிவது எதனால் என்று கேட்டால், இந்தப் பட்டியல் தரும் விடை தவறானது. காரைக்காலில் ஒரு நடுத்தரக் குடும்பம் கடன்படாமல் காலம் தள்ள முடிகிறதென்றால், அதில் கடற்காற்றுக்கும் மனை விலைக்கும் உள்ள பங்கு சிறியது. அரசு அங்கே கட்டிவைத்த கல்லூரிகளும் மருத்துவமனைகளும்தான் பெரும்பங்கு. காரணத்தை மாற்றிப் புரிந்துகொண்டால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதிலும் தவறிவிடுவோம்.

கடல்தான் காரணம் என்றால் வடக்கே பக்கத்திலேயே இருக்கும் தரங்கம்பாடிக்கும் அது பொருந்த வேண்டும். அதே வங்கக்கடல், அதே காவிரிக் கடைமடை. ஐரோப்பியர் வந்துபோன கதையும் உண்டு: டேனியர் 1620இல் கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆனால் தரங்கம்பாடியில் மருத்துவக் கல்லூரியும் இல்லை, தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இல்லை. காரைக்காலில் இரண்டும் உண்டு. இந்த வேறுபாட்டை உண்டாக்கியது அரசியல் வரலாறு. 1739இல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன இந்தத் துண்டு நிலம், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 முதல் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. பிறகு புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு பகுதியாக, முப்பது தொகுதிகள் கொண்ட சட்டப்பேரவைக்கு ஐந்து உறுப்பினர்களை அனுப்பும் மாவட்டமாக நின்றது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் மக்கள். தமிழகத்தில் இந்த அளவுக்கு ஒரு வட்டாட்சியர் அலுவலகம் கிடைத்திருக்கும். இங்கே அரசு கலைக் கல்லூரி, வேளாண் கல்லூரி, பாலிடெக்னிக், புதுவைப் பல்கலைக்கழகத்தின் கிளை, 2010இல் தொடங்கிய என்.ஐ.டி., 2016இல் 50 மாணவர்களோடு தொடங்கிய ஜிப்மர் மருத்துவக் கல்லூரிக் கிளை எல்லாம் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இருக்கின்றன. நெடுங்காட்டிலோ கோட்டுச்சேரியிலோ இருக்கும் வீடு, பிள்ளையை வெளியூர் விடுதியில் சேர்க்காமல் தினமும் பஸ் ஏற்றிவிட்டுப் பட்டதாரி ஆக்கிவிடலாம். குடும்பங்களைக் கடனாளி ஆக்குபவை படிப்பும் பிரசவமும் அறுவை சிகிச்சையும். மாதம் மூவாயிரம் ரூபாய் வாடகை குறைந்ததில் மிச்சமாவது, தனியார் மருத்துவமனையில் இரண்டு நாள் படுத்தால் போய்விடும்.

அரசு கை விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் காரைக்காலிலேயே சான்று உண்டு. துணைநிலை ஆளுநருக்கும் அன்றைய அமைச்சரவைக்கும் நடந்த இழுபறியில், அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்ற ஏற்பாடு வந்து, புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முழுக்க ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. மீண்டும் திறந்தது 2024 தீபாவளியையொட்டித்தான். திருமலைராயன்பட்டினத்தில் இருந்து நாகூர் கூப்பிடு தூரம். எல்லைக்கு அந்தப் பக்கம் 2011 முதல் தமிழக ரேஷன் கடையில் அரிசி இலவசம்; இந்தப் பக்கம் கடை பூட்டு. இரு பக்கமும் வீட்டு வாடகை ஏறக்குறைய ஒன்றே, மீன் வாங்குவதும் ஒரே துறையில். கணக்கில் வந்த பணத்துக்கும் வெளிச்சந்தையில் அரிசி விற்ற விலைக்கும் இடையிலான பள்ளத்தைத் தன் கூலியிலிருந்து நிரப்பிய குடும்பத்துக்கு, மனை விலை ஒரு ரூபாய்கூட ஏறாமலே காரைக்கால் செலவான ஊராகிவிட்டது.

தண்ணீர் விஷயம் இதைவிடக் கடுமையானது. 2022 ஜூலை தொடக்கத்தில் காரைக்காலில் காலரா பரவியது. நூற்றுக்கணக்கானோர் வாந்தி பேதியோடு மருத்துவமனைக்கு ஓடினார்கள். பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. குடிநீர்க் குழாய்களில் கசிவு ஏற்பட்டுக் கழிவுநீர் கலந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. ஓட்டை விழுந்த குழாயை மாற்றாமல் விட்டதில் நகராட்சிக்கு மிச்சமான பணத்தை, மருந்துச் சீட்டாகவும் கேன் தண்ணீராகவும் இழந்த நாள் கூலியாகவும் மக்கள் கட்டினார்கள். கடலோர ஊர்களில் இது எப்போதும் தலைக்கு மேல் தொங்கும் கத்தி: நிலத்தடி நீர் உவர்ப்பாகிக்கொண்டே வரும், வீட்டு போர் தண்ணீர் துணி துவைக்க மட்டும்தான் உதவும், ஆகவே பொதுக் குழாயை நம்பியே தீர வேண்டும். உள்நாட்டு ஊரில் குழாய் கெட்டால் கிணறு உண்டு. கடற்கரையில் அந்த மாற்று கிடையாது.

அந்தக் குழாய்க்குப் பொறுப்பு யார் என்று தேடிப் போனால் ஒரு வெற்றிடத்தில் போய் முட்டுகிறோம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, அடுத்தது 2006இல். அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிக்கப்பட்டும், இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோனது. காரைக்கால் நகராட்சிக்கும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள், கவுன்சிலர்கள் இல்லை. குழாயில் கலங்கலாகத் தண்ணீர் வந்தால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? சட்டமன்ற உறுப்பினரிடம் போகலாம். அவருக்கு 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புதுச்சேரியில் வேலை அதிகம். காலரா வந்த ஆண்டில் வார்டு உறுப்பினர்கள் இருந்திருந்தால் அது வந்தே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கலங்கலான தண்ணீரைப் பற்றிய முதல் சத்தம் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து வராமல் நகர்மன்றக் கூட்டத்திலிருந்து வந்திருக்க வழி இருந்திருக்கும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ‘காரைக்கால் மலிவாக இருப்பது அங்கே வேலை இல்லாததால்தான், வருமானமே குறைவான ஊரில் வாடகை குறைவது என்ன பெருமை? தொழிலைக் கொண்டுவாருங்கள், மற்றவை தானே வரும்’ என்பார்கள். முதல் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். இத்தாலியின் சிசிலித் தீவில் சம்பூகா என்ற சிற்றூர் 2019இல் ஒரு யூரோவுக்கு வீடுகளை விற்கத் தொடங்கி உலகச் செய்தியானது. ஊரைவிட்டு ஆள் போனதால் வந்த விலை அது. காரைக்காலும் ஆள் அனுப்பிய ஊர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் இந்தத் துறையிலிருந்தும் கிளம்பின. பிறகு பிரெஞ்சுப் பட்டாளம், அதன் பிறகு வளைகுடா. வெளியிலிருந்து பணம் வரும், ஆள் வரமாட்டார். ஓய்வுபெற்று வருகிறவருக்கு அனுகூலமாகத் தெரியும் அந்தக் குறைந்த வாடகையே, படித்து முடித்த உள்ளூர் இளைஞருக்கு ரயில் டிக்கெட்டாகிறது.

மறுப்பின் இரண்டாம் பாதிதான் நிற்கவில்லை. தொழில் வராமல் இல்லை. ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் பல காலமாக இங்கேதான் இருக்கிறது. எரிவாயு மின்நிலையமும் ரசாயன ஆலையும் திருமலைராயன்பட்டினப் பகுதியில் வந்தன. கீழவாஞ்சூரில் தனியார் துறைமுகம் 2009இல் இயங்கத் தொடங்கி, கடனில் மூழ்கி, 2023இல் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி குழுமத்தின் கைக்குப் போனது. துறைமுகம் என்றதும் ஊரே பிழைத்துவிடும் என்று தோன்றும்; நிலக்கரியை இறக்கி ரயிலில் ஏற்றும் துறைமுகத்துக்கு அதிக ஆள் தேவையில்லை. கரித்தூள் வீட்டுக்குள் படிகிறது என்று வாஞ்சூரிலும் நாகூரிலும் மக்கள் போராடியதுதான் அதைப் பற்றி அதிகம் வந்த செய்தி. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழக அரசு 2020இல் டெல்டா மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துப் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கும் சில வகை ஆலைகளுக்கும் கதவை மூடியது. காரைக்கால் வேறு ஆட்சிப் பகுதி என்பதால் அந்தச் சட்டத்துக்குள் வராது. சுற்றிலும் வேலி போட்ட வயலின் நடுவே திறந்த வாசல்போல் நிற்கும் நிலத்துக்கு எப்படிப்பட்ட தொழில் தேடி வரும் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டாம். வேலை தரும் பெரிய முதலாளியைத் தேடுவோர் ஜிப்மரையும் அரசு மருத்துவமனையையும் கல்லூரிகளையும் கணக்கில் எடுப்பதே இல்லை. காலிப் பணியிடங்களை நிரப்பினால் அவை தரும் வேலையும், அவற்றைச் சுற்றி உருவாகும் விடுதி, மருந்துக்கடை, உணவக வேலைகளும் ஊரிலேயே தங்கும்.

‘மத்திய அரசின் பணத்தில் வாழும் செல்லப் பிள்ளை’ என்று எல்லைக்கு வெளியே உள்ளவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இரண்டு லட்சம் பேருக்கு இத்தனை நிறுவனங்கள் என்றால் பக்கத்து ஊர்க்காரருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் நோயாளி எல்லைக்கல்லைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து மக்கள் காரைக்காலுக்கு வருகிறார்கள். காரைக்கால் ஆஸ்பத்திரியில் முடியாது என்று எழுதிக் கொடுத்தால் காரைக்கால்காரர் திருவாரூருக்கும் தஞ்சாவூருக்கும் ஓடுகிறார். இப்படி ஓட வைப்பது மருத்துவக் கல்லூரி உள்ள ஊருக்கு அழகில்லை என்பது வேறு விஷயம். நாகப்பட்டினத்துக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. ஒன்றியப் பிரதேசமாக இருந்தால்தான் இதெல்லாம் கிடைக்கும் என்பதில்லை, நினைத்தால் மாநில அரசும் செய்யலாம் என்பதற்கு இவை போதும். காரைக்காலிடம் இருப்பதைக் குறைத்துச் சமன் செய்வதைவிட, பூம்புகாருக்கும் வேதாரண்யத்துக்கும் அதே அளவு கேட்பது புத்திசாலித்தனம்.

மிச்சமிருப்பது எனக்கே சற்றுச் சங்கடமான கேள்வி. குழாய் நன்றாகி, மருத்துவமனை நன்றாகி, ரயிலும் வந்துவிட்டால் விலை ஏறாதா? பேரளத்துக்கு 1898இல் போட்ட பாதை 1980களில் மூடப்பட்டது. 2011இல் நாகூர் வழியாக மட்டும் ரயில் திரும்பியது. பேரளம் பாதையும் புதிதாகப் போடப்பட்டு 2025இல் சோதனை ஓட்டம் கண்டது. திருவாரூர், நாகப்பட்டினம் என்று சுற்றாமல் மயிலாடுதுறையிலிருந்து நேரே வர முடிகிற ஊரில் நிலம் விலையேறும், மறுக்க முடியாது. எந்த நிலம் என்பதுதான் விஷயம். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கென ஒதுக்கிய 7 டி.எம்.சி. தண்ணீர் காரைக்கால் வயல்களுக்கானது. கடைமடையில் அது வந்து சேராத ஆண்டுகளில் விவசாயி நஞ்சையை விற்கிறார், அடுத்த ஆண்டு அங்கே கொடி கட்டி மனை பிரித்திருக்கிறார்கள். அந்த வயல்தான் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்கி வாய்க்கால் வழியே மெல்லக் கடலுக்கு விட்டது. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரை கடந்தபோது டெல்டா முழுதும் வெள்ளத்தில் நின்றதை நினைத்துப் பார்த்தால், வாய்க்காலை மேடாக்கிய மனை ‘மலிவு’ என்ற சொல்லுக்குத் தகுதியானதா என்பது விளங்கும். சதுர அடி விலை குறைவு. ஆண்டுதோறும் தரையை உயர்த்தும் செலவும் கேன் தண்ணீர்ச் செலவும் விளம்பரத்தில் வராது.

ஆகவே விலையேற்றத்துக்கு அஞ்சி ஊரைப் பின்தங்க வைக்க வேண்டியதில்லை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போது, மழைநீர் எந்த வாய்க்காலில் வடியும், குடிநீர் எந்தத் தொட்டியிலிருந்து வரும் என்று காட்டச் சொல்லலாம். காட்ட முடியாத நஞ்சையை நஞ்சையாகவே விடலாம். குழாய் போடும் செலவில் ஒரு பங்கை, மனை விற்று லாபம் பார்ப்பவரிடம் வசூலிக்கலாம். நகருக்குள் இருக்கும் அரசு நிலத்தில் கல்லூரி ஊழியர்களுக்கும் செவிலியர்களுக்கும் வாடகைக் குடியிருப்பு கட்டினால், வெளியே வாடகை ஏறும் வேகம் மட்டுப்படும். இவற்றில் எதற்கும் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நகர்மன்றத்தில் கேள்வி கேட்க ஆள் இருந்தால் பாதி வேலை நடக்கும். அதற்கு முதலில், 2011இல் காலியான நாற்காலிகளுக்குத் தேர்தல் நடத்த வேண்டும்.