வண்டி பழசு, வண்டிக்காரனை மாற்று!

வீட்டு மூலையில் ஒரு கம்ப்யூட்டர். வயது எட்டோ பத்தோ இருக்கும். ஸ்விட்சைப் போட்டால் அது கண் விழிக்க ஐந்து நிமிஷம் ஆகிறது.

'காயலான் கடைக்குப் போட்டுவிடு' என்கிறார் அப்பா. 'புதிது வாங்கிக் கொடுங்கள்' என்கிறான் மகன். 'பணம் மரத்திலா காய்க்கிறது?' என்கிறாள் அம்மா.

அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் கெட்டுப்போவது பெரும்பாலும் இயந்திரம் அல்ல. அதை நடத்துகிறவன்தான் அதற்குப் பொருந்தாமல் போய்விடுகிறான்.

யார் அந்த நடத்துகிறவன்?

கம்ப்யூட்டரை ஒரு மாட்டு வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். 'ஆபரேட்டிங் சிஸ்டம்' அதன் வண்டிக்காரன். திரையில் படம் காட்டுவது, தட்டிய எழுத்தை வாங்கிக்கொள்வது, இணையத்தோடு பேசுவது எல்லாம் அவன் வேலை.

'விண்டோஸ்' ஒரு வண்டிக்காரன். 'லினக்ஸ்' இன்னொரு வண்டிக்காரன். வண்டியை வைத்துக்கொண்டே வண்டிக்காரனை மாற்றலாம். இது பலருக்குத் தெரிவதில்லை!

காவல் நின்றது

விண்டோஸ் 10 வந்தது 2015-ம் ஆண்டில். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு அதற்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் தருவதை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்தியது. வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று அறிவித்தது. அதற்கும் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 7-க்கோ 2020 ஜனவரியிலேயே கதவு சாத்தியாகிவிட்டது.

திருத்தம் நின்றால் என்ன குடி முழுகிப்போகும்?

2017 மே மாதம் நடந்ததைப் பார்க்கலாம். 'வான்னாக்ரை' என்ற வைரஸ் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. கம்ப்யூட்டரில் இருந்த பைல்களைப் பூட்டியது. 'பணம் கொடு, திறக்கிறேன்' என்று மிரட்டியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே திண்டாடின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சில் வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக்கொண்டன.

வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது? பாங்குக் கணக்கு இருக்கிறது. பிள்ளைகளின் சான்றிதழ் இருக்கிறது. கல்யாணப் படங்கள் இருக்கின்றன. பூட்டு இல்லாத பெட்டியில் நகையை வைப்பார் உண்டா?

பாரம் தாங்குமா?

'அப்படியானால் விண்டோஸ் 11 போட்டுவிடலாமே!' என்று தோன்றும். அது எல்லா வண்டியிலும் ஏறாது. 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பு இடமும் வேண்டும். 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால், பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்கவேண்டும். 2017-க்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் பெரும்பாலும் இதில் தேறாது.

சிலர் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறார்கள். சிலர் திருட்டுப் பிரதி போட்டுத் தருகிறார்கள். திருட்டுப் பிரதியோடு என்னென்ன வைரஸ் சேர்ந்து வரும் என்று யார் கண்டது? மலிவு என்று நம்பி வீட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுக்கலாமா?

நன்றாக ஓடும் இயந்திரம் ஒரு கம்பெனி குறித்த தேதியால் குப்பையாக வேண்டியதில்லை. நேர்வழி ஒன்று இருக்கிறது.

இலவச வண்டிக்காரன்

1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ். இன்று உலகெங்கும் பல பேர் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை. பிரதி எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாலும் குற்றம் இல்லை.

இது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த கணினிகளில் 'பாஸ்' என்ற லினக்சும் இருந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். பக்கத்திலுள்ள கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்சில்தான் கணினி கற்கிறார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மாட்டின் பலத்தைப் பார்த்துத்தான் பாரம் ஏற்றவேண்டும். கம்ப்யூட்டரின் பலம் அதன் நினைவகத்தில் தெரியும்.

4 ஜி.பி. அல்லது அதற்கு மேல் இருந்தால் 'லினக்ஸ் மின்ட்' பொருத்தமானது. விண்டோசில் பழகியவர்களுக்கு அதன் முகம் அன்னியமாகத் தெரியாது. அதிலேயே 'எக்ஸ்.எப்.சி.இ.' என்ற வகை இலேசானது. 2 ஜி.பி. உள்ள கம்ப்யூட்டரில்கூட அது ஓடும்; ஆனால் ஒரே நேரத்தில் பல வேலை கொடுக்கக் கூடாது.

இணையம் பார்ப்பதும் படம் பார்ப்பதும் மட்டுமே வேலை என்றால், கூகுள் கம்பெனியின் 'குரோம் ஓ.எஸ். பிளெக்ஸ்' உண்டு. அதுவும் இலவசம். அதற்கு 4 ஜி.பி. நினைவகமும் இணைய வசதியும் வேண்டும்.

1 ஜி.பி. மட்டுமே உள்ள கிழட்டு இயந்திரத்துக்கு எந்த வண்டிக்காரன் வந்தாலும் பயன் குறைவு. இன்றைய இணையப் பக்கங்களே அதற்குப் பெரிய சுமை. அதை வதைக்க வேண்டாம்.

இன்னொரு யோசனையும் உண்டு. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு 'எஸ்.எஸ்.டி.' பொருத்தினால், ஆமை நடை போட்ட கம்ப்யூட்டரும் எழுந்து நடக்கும். புதிய கம்ப்யூட்டரின் விலையோடு பார்த்தால் இந்தச் செலவு சிறியது.

யாருக்கு ஆகாது?

எல்லாருக்கும் லினக்ஸ்தான் என்று சொல்வது நேர்மை ஆகாது. கடைக் கணக்கை 'டேலி'யில் எழுதுகிறவர் விண்டோசை விடமுடியாது. போட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துகிறவருக்கும் அப்படியே. சில பிரிண்டர்களும் லினக்சோடு ஒத்துப்போகாமல் அடம்பிடிக்கும்.

ஆனால் கடிதம் எழுத, கணக்குப் போட, பாடம் படிக்க, பாட்டுக் கேட்க, பாங்கு வேலை பார்க்க இது போதும். 'லிப்ரே ஆபீஸ்' இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் 99 முறையில் தட்டச்சு செய்யவும் வசதி உண்டு.

முதலில் பரீட்சை

பெண் பார்க்காமல் கல்யாணம் செய்வதில்லை. இதற்கும் அப்படி வசதி இருக்கிறது. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் விண்டோசுக்கு ஒன்றும் ஆகாது. வைபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும். பிடித்தால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் பென் டிரைவைப் பிடுங்கிவிடுவது.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், அதற்கு முன் படங்களையும் பைல்களையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துவது முக்கியம். புதியது ஏறும்போது பழையது அழிந்துபோகலாம். அழிந்தபின் அழுது பயன் இல்லை.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் பணம் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஆகும். அதைச் செலவழிப்பதற்கு முன் ஒரு பென் டிரைவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செலவழித்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.