பெஞ்சு ஒரு கட்டடமா?

போன மாசியில் என் பள்ளித் தோழர் ஒருவரை ஆட்டோவில் வைத்து அரிக்கமேட்டுக்கு அழைத்துப் போனேன். அவருக்கு வயது 76. பக்கவாதம் வந்து போனதிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். ஐம்பது அடி நடப்பார், இரண்டு நிமிடம் உட்காருவார், மறுபடி ஐம்பது அடி. உட்கார மட்டும் இடம் கொடுத்தால் இந்த மனுஷர் கடலூர் வரைக்கும் நடப்பார் என்று அவர் வீட்டம்மா கேலி செய்வார்.

அன்று வேரும் பள்ளமுமான தடத்தில் ஐம்பது அடி வந்தார். சுற்றிப் பார்த்தார். உட்கார ஒரு கல் இல்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "போதும்டா, திரும்பிடலாம்" என்றார். செங்கல் தூண்களைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். அறுபது வருடத்துக்கு முன் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போய் மாங்காய் அடித்த தோப்பு அது.

இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. சண்டை போடத்தான் எழுதுகிறேன்.

அரிக்கமேடு என்றால் எல்லோரும் ரோமானிய மதுச்சாடி, பாசிமணி, 1945-இல் வீலர் தோண்டியது என்று ஒப்பிப்பார்கள். அந்தத் தூண்களும் ரோமானியர் கட்டியவை என்று நினைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். இல்லை. அவை 1770களின் குருமடத்து மிச்சம். சயாமில் போர் மூண்டு அங்கிருந்த குருமடம் இடம்பெயர்ந்தது. கம்போடியக் கரையோரம் போய் அங்கேயும் நிலைக்க முடியாமல், கடைசியில் நம் வீராம்பட்டினம் பக்கம் வந்து தங்கியது. நடத்தியவர் பிஞ்ஞோ தெ பெஹேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். அப்போது முப்பது வயதுதான் அவருக்கு. 1774-இல் மயிலை சாந்தோமில் ஆயராக அபிஷேகம் பெற்றவர். கொச்சின்சீனத்து உதவியாளர்களை வைத்துக்கொண்டு வியட்நாமிய–லத்தீன் அகராதி ஒன்றை அவர் தொகுத்தது நம்மூரில் இருந்த அந்த நாட்களில்தான். பிற்பாடு வியட்நாம் அரசியலிலேயே பெரிய பெயராகிவிட்டார்.

நம் தாத்தாக்கள் சைகோனுக்குக் கப்பலேறிய கதை இல்லாத வீடு புதுச்சேரியில் குறைவு. அதற்கு நூறு வருடம் முன்பே அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து லத்தீன் படித்தார்கள். பள்ளியில் எனக்குக் கோல்வா மூதாதையர் கதையெல்லாம் பிரெஞ்சில் சொல்லிக்கொடுத்தார்கள். நாலு கிலோமீட்டரில் இருந்த இதை ஒருவரும் சொல்லவில்லை.

"அங்க பார்க்க என்ன இருக்கு சார், ரெண்டு தூணு!" என்பார்கள். இடிபாட்டை ஓடி ஓடிப் பார்த்தால் இரண்டு தூண்தான். உட்கார்ந்து பார்த்தால்தான் செங்கல்லின் அடுக்கு தெரியும், ஆற்றுக் காற்று தெரியும், அருகன் மேடா, ஆறு அரித்த மேடா என்று பெயரை வைத்துச் சண்டை போட நேரம் கிடைக்கும். அவசரமில்லாத ஆள் வேண்டிய இடம் அது. ஊரில் அவசரமில்லாதவர்கள் ஓய்வூதியக்காரர்களான நாம்தான், நம்மைத்தான் அங்கே நடக்கவிடவில்லை.

நமக்கென்று ஒதுக்கியிருப்பது என்ன? ஒரே நாளில் ஒன்பது கோயிலைச் சுற்றிக் காட்டும் வேன். இல்லாவிட்டால் டாக்டர் எழுதிக்கொடுக்கிற நடைப்பயிற்சி, கைபேசியில் அடி எண்ணிக்கொண்டு. காலாற நடப்பது என்று தமிழில் ஒரு சொல் இருப்பதே மறந்துபோயிற்று. கால் ஆறுவதற்காக நடப்பது அது, கால் நோவதற்காக அல்ல.

பிரான்சில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது வெர்சாய் பக்கத்தில் போர்-ரொயால் மடத்து இடிபாட்டுக்குக் கூட்டிப்போனான். 1709-இல் கன்னியர்களை வெளியேற்றி, அடுத்த வருடம் பதினாலாம் லூயி இடிக்க உத்தரவிட்ட மடம். பள்ளியில் என்னை நெட்டுருப் போட வைத்த ரசீன் சிறுவயதில் படித்த இடம் என்பதால் ஆசையாகப் போனேன். மேட்டில் பழத்தோட்டம், பள்ளத்தில் மடம், இடையில் 'நூறு படி' என்றே பெயர் வைத்த படிக்கட்டு. என் முழங்கால் அதைக் கண்டதுமே ராஜினாமா கொடுத்துவிட்டது. ஆனால் மேலே பழமரங்களுக்கு நடுவில் சமதளத்தில் மெதுவாக ஒரு மணி நேரம் நடந்தேன். தந்தியி என்ற பெரியவர் அரண்மனையை விட்டு வந்து அங்கே பழம் வளர்த்து ராணிக்கு அனுப்பினாராம். பேரன் கீழே போய்ப் படம் எடுத்து வந்தான். பாதிதான் பார்த்தேன், ஆனால் ஏமாற்றமாகத் திரும்பவில்லை.

ஊர் திரும்பிப் பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் அரிக்கமேட்டுக்கு நாலு பெஞ்சு, ஒரு கழிப்பறை என்று கேட்டேன். "பாதுகாக்கப்பட்ட சின்னம் சார். நூறு மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது" என்றார். முப்பத்தைந்து வருடம் கோப்பு புரட்டியவனிடம் இந்தப் பதிலா? 2010-இல் திருத்திய தொல்சின்னச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். நூறு மீட்டர் தடை உண்மைதான். ஆனால் 'கட்டுமானம்' என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே பொதுக் கழிப்பறையும் பொதுமக்களுக்கான குடிநீர் வேலையும் அதில் சேராது என்று எழுதியிருக்கிறது. அனுமதி வாங்க வேண்டியிருக்கும், வாங்கட்டும். அஸ்திவாரமே இல்லாமல் தூக்கி வைத்து எடுக்கக்கூடிய மரப்பெஞ்சு எந்தக் கணக்கில் கட்டடம் ஆகும்?

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையில் இருந்தபோது ஒரு பூங்காவுக்குப் பெஞ்சு கேட்டு வந்த கோப்பில், "பராமரிப்புச் செலவு எந்தத் தலைப்பில்?" என்று நானே ஒரு வரி எழுதித் திருப்பியனுப்பினேன். நியாயமான கேள்விதான். பதில் வரவே இல்லை. வராது என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். அப்போது நாற்பத்திரண்டு வயது, ஒரு நாளைக்கு இரண்டு முறை மாடி ஏறுவேன்.

ஒலி-ஒளிக் காட்சி கேட்கவில்லை. உணவகமும் செல்ஃபி வளைவும் வேண்டவே வேண்டாம். வாசலிலிருந்து தூண் வரை மண் கெட்டித்த தடம், சறுக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு, ஐம்பது அடிக்கு ஒரு இருக்கை, வாசலருகே கழிப்பறை. கழிப்பறையைக் கடைசியில் சொன்னாலும் அதுதான் முதல். நம் வயதுப் பெண்கள் பலர் வெளியே கிளம்பாததற்கு அது ஒன்றே காரணம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டுத் தரை காய்ந்ததும் தோழரோடு மறுபடி போகிறேன். இரண்டு மடக்கு நாற்காலியை ஆட்டோவில் போட்டுக்கொள்வோம். அவர் நடக்க நடக்க ஐம்பது அடிக்கு ஒரு தரம் நான் விரித்துப் போடுவதாக ஏற்பாடு. யாராவது தடுத்தால் காட்ட, அந்தச் சட்டப் பிரிவின் நகல் சட்டைப்பையில் இருக்கும்.