ஒரே மாலை, ஆறு வானம்

1883 ஆகஸ்ட் கடைசியில் சுந்தா நீரிணையில் கிரகட்டோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் நிறமாலைக் கருவியோடு அதை ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனவர் இவர்தான். ஆனால் அது கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா? எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த நிறம் நம் கண்ணுக்கு வந்துவிடுமா?

எரிமலைப் புகையின் மிச்சம் நவம்பரில் லண்டன் வானத்துக்கும் வந்தபோது, செல்சியில் தேம்ஸ் கரையோரம் வில்லியம் ஆஸ்க்ராஃப்ட் என்ற ஓவியர் பேஸ்டல் குச்சிகளோடு உட்கார்ந்தார். அன்றைய கேமராவுக்கு நிறம் தெரியாது. நீர்வண்ணம் காய்வதற்குள் வானம் மாறிவிடும். பேஸ்டல் என்றால் தேய்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். 1886 வரை ஐந்நூறுக்கும் மேல் வரைந்து தள்ளினார்.

எரிமலை பற்றி 1888இல் ராயல் சொசைட்டி வெளியிட்ட அறிக்கையின் முகப்பில் இருப்பவை அவற்றில் ஆறு. எல்லாம் 1883 நவம்பர் 26 ஒரே மாலையில் வரைந்தவை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சுமாரான படங்கள்தான். ஓவிய மேதை டர்னரின் பக்கத்தில் வைக்க முடியாது. வரிசையாகப் பார்க்கும்போதுதான் விஷயமே இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகும் வானம் மறுபடி சிவக்கிறது. நமக்கு மறைந்த சூரியன், பல கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் கந்தகத் துளிகளுக்கு இன்னும் மறையவில்லை. அந்தி எவ்வளவு நேரம் நீண்டது என்பதை வைத்தே அந்தப் படலத்தின் உயரத்தை அன்றைக்குக் கணக்கிட்டார்கள். ஓவியர் மூங்க்கின் ‘அலறல்’ படத்தின் சிவப்பு வானமும் கிரகட்டோவாவின் வேலைதான் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம், அதில் தேதியும் நேரமும் இல்லையே!

வானத்தைப் பதிவுசெய்ய இன்று கைபேசி இருக்கிறதே என்பீர்கள். அது வானத்தின் சிவப்பைத் தன் இஷ்டத்துக்குத் திருத்திவிடும். சென்னை மெரினாவில் அந்தி மேற்கே கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடுகிறது என்பதும் பெரிய குறையில்லை. சூரியன் மறைந்ததும் கடல் பக்கம் பாருங்கள். அடிவானத்தில் எழும் நீலச்சாம்பல் பட்டை பூமியின் நிழல். அதற்கு மேலே இளஞ்சிவப்பு. கடற்கரையை வரைகிறவர்களும் இதைக் கண்டுகொள்வதில்லை. நீங்கள் வரைந்து பார்க்கப் பேஸ்டல் பெட்டி சின்னதே போதும். தாளின் பின்பக்கம் தேதியோடு மணியையும் எழுதிவிடுங்கள்.